இரவல் ஸ்வெட்டர்

சிலோன் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொடைக்கானலுக்கு வந்த புதிதில், ஒரு பள்ளி விடுதியில் ஆயா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கிழிந்த சால்வையோடு போனால் மதிக்க மாட்டார்கள் என்று, நாயுடுபுரத்தில் துணி வெளுக்கும் ராக்கம்மா ஒரு நீல ஸ்வெட்டர் கொடுத்தாள்.

"என் தங்கச்சியோடதுதான். தைரியமாப் போட்டுட்டுப் போங்கக்கா."

விடுதிப் பொறுப்பில் இருந்த அம்மா என்னிடம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வந்து என் கழுத்துப்பட்டியைத் திருப்பிச் சலவைக் குறியைப் பார்த்தார்.

"இது என் ஸ்வெட்டர். வெளுக்கப் போட்டது உன் மேல எப்படி வந்துச்சு? சிலோன்காரங்க புத்தியே இதுதானா?"

"வெளுக்கிறவங்க குடுத்தாங்க. நான் திருடலீங்க" என்று அங்கேயே கழற்றி, மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, மூடுபனியில் வெறும் சேலையோடு வீடு வந்தேன்.

நடந்ததைப் போய்ச் சொன்னதும் ராக்கம்மா சிரித்தாள். "நல்லதுக்குத்தானக்கா செஞ்சேன்."

"கள்ளின்னு பேரு வாங்கிக் குடுத்தியே, அதுவா நல்லது? இனிமே என் வாசல்ல வந்து நிக்காத."

இன்றும் எனக்கு ஆறவில்லை. என்னைச் சொன்னது போக, எங்கள் சனத்தையே சேர்த்துச் சொன்னாரே அந்த அம்மா, அதுதான் ஆறவே இல்லை.

நாளை என் இளைய மகள் வேலை கேட்டுப் போகிறாள். பக்கத்து வீட்டில் கம்பளிச் சால்வை தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அவளுடைய பழைய சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். குளிரட்டும்.