பனி கரையுமுன் போக வேண்டும்

மச்சாள், அதாவது என் கணவரின் தங்கை, மே மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு விழா ஹோல் பிடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். மகளின் சாமத்தியவீடு. பிள்ளை பெரியவளானது முந்தைய ஒக்டோபரில். ரொறன்ரோவில் பனி முழுவதும் போய்ப் பூங்காவில் புல் பச்சையானால்தான் படம் வடிவாக வரும் என்று அவளே தள்ளி வைத்திருந்தாள். தாய்மாமனும் மாமியும் சேர்ந்து தண்ணீர் வார்க்க வேண்டும். மாமி நான்.

அந்தச் சனிக்கிழமை நான் வடதுருவப் பக்கம், மரமில்லாத துந்திரா நிலத்தில் இருக்க வேண்டியவள். சில வருடங்களாக ஒரு பறவைக் கணக்கெடுப்புக் குழுவுடன் போகிறேன். அங்கே வசந்தம் அப்போதுதான் தொடங்கும். நிலத்தின் பெரும்பகுதி பனிக்குள் கிடக்கும்போதே பறவைகள் வந்து இறங்கிவிடும். முதலில் வெளிப்படும் மண் திட்டுகளில் எவை தங்குகின்றன என்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். அந்தக் கிழமை, அந்த ஏழு நாள், தவறினால் அந்த வருடமே தவறியது.

ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் குசினி மேசையில் வைத்துத்தான் கதை நடந்தது. அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

“குருவி வருசா வருசம் வரும், மச்சாள். பிள்ளைக்குச் சாமத்தியம் ஒருக்காத்தான்.”

“அது ஒக்டோபரிலயே வந்திட்டுதே. ஸ்னோ போகட்டும் எண்டு நீங்கள்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

“ஒரு கிழமை பிந்திப் போனால் என்ன? அங்க ஸ்னோ ஓடிப்போயிடுமோ?”

“ஓம். ஓடித்தான் போகும்.”

அவள் தமையன் பக்கம் திரும்பினாள். “அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்ல மாட்டியளோ?”

“நான்தான் தண்ணி வாக்க வாறன் எண்டு சொல்லிட்டனே,” என்றார் அவர், தேத்தண்ணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் போன பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். “வேலையில லீவு தரேல்லை, கட்டாயம் வரட்டாம் எண்டு சொல்லும். சனம் விளங்கிக்கொள்ளும்.”

அது சரிதான். ஆஸ்பத்திரியிலோ தொழிற்சாலையிலோ ஷிப்ட் என்றால் பாவம் என்று விட்டிருப்பார்கள். விரும்பிப் போகிறேன் என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு விருப்பமும் ஒரு காரணம்தான் என்று நான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்றேன். மருமகளை, அந்தப் பிள்ளையை, மட்டும் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். “It’s fine, மாமி. எனக்கும் அந்தச் சாறி வேண்டாம், ஆனா அம்மா விடமாட்டா,” என்றாள்.

போனேன்.

அந்தச் சனிக்கிழமை காற்று அடங்கியிருந்தது. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் பனியைத்தான் மதிப்பிடுவேன், பிறகே பறவை. பறவை கண்ணில் பட்டுவிட்டால் அது நிற்கிற மண்ணே பெரிதாகத் தெரியும், கணக்கில் பனி குறைந்துவிடும். அதனால் பக்கத்தில் ஓர் உப்புக்கொத்தி கத்தியும் நான் திரும்பவில்லை. பத்தில் எட்டுப் பங்கு பனி என்று எழுதிய பிறகு திரும்பினேன். கைக்குட்டையளவு ஈரப்பாசியில் நெஞ்சு கறுத்த அந்தப் பறவை ஒற்றையாக நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. தண்ணீர் வார்க்கும் நேரம் கடந்துகொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். மனம் உறுத்துமோ என்று பார்த்தேன். உறுத்தவில்லை.

திரும்பி வந்து பட அல்பம் பார்த்தபோது என் இடத்தில் ஒரு தூரத்து மாமி நின்றிருந்தார். அல்பத்தில் எல்லாம் வடிவாகவே இருந்தது. அதை மச்சாளிடம் சொன்னேன். அவள் அல்பத்தை மூடி வைத்தாள்.

ஜூலையில் பக்கத்து ரூஜில் ஒரு பிறந்தநாள் வீடு. மச்சாள் என்னைப் பக்கத்திலிருந்த அன்ரிக்கு அறிமுகப்படுத்தினாள். “இவதான் அன்ரி, மருமகளின்ர சாமத்தியவீட்டை விட்டிட்டு ஸ்னோ எண்ணப் போனவ.”

“எண்ணுறது குருவியை, மச்சாள். ஸ்னோவை அளக்கிறது.”

அன்ரி கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தார். “அளந்து என்ன பிள்ளை செய்யிறது?”

மச்சாள் வேறு மேசைக்குப் போனாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.