கூப்பிட முடியாத பேர்

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி உள்ளே போகும் சந்தில் என் தையல் கடை இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குப் பைஜாமா, நம் ஜனங்களுக்கு ஜாக்கெட். எதிர்வீடு ரேணுகாம்பாள் அக்காவுடையது. அந்த வீட்டு மருமகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவளுக்கு இந்த ஊரில் பேர் கிடையாது. இருந்த பேரை நாங்கள் யாரும் வாயில் எடுக்கவில்லை.

அக்காவின் மகன் அர்ஜுனன் சமையல்காரன். லாவோஸ் நாட்டுத் தலைநகரம் வியந்தியானில் ஓர் இந்திய ஓட்டலில் சில வருஷம் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓட்டலுக்குக் கீரை, காய்கறி கொண்டுவந்து போட்ட பெண்ணையே கட்டிக்கொண்டு ஊர் திரும்பினான். டீக்கடையில், "பொண்ணு எந்த ஊருப்பா?" என்று கேட்டார்கள். "லாவோஸ்" என்றான். "லாஸா? போனது போவட்டும் உடு, சம்பாதிச்சிக்கலாம்" என்று ஒருத்தர் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாராம்.

பெண்ணின் பேர்தான் பெரிய வம்பாகிவிட்டது. அவள் சொன்னதை நாங்கள் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். வாயை அகலமாகத் திறந்தால் 'நாய்' என்று வந்தது. குவித்தால் 'நோய்' என்று வந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலி இருக்கிறது, அது நம் வாய்க்கு அகப்படமாட்டேன் என்கிறது. அவர்கள் பாஷையில் அதற்குச் 'சின்னவள்' என்று அர்த்தம். அங்கே தெருவுக்குத் தெரு அந்தப் பேரில் பெண்கள் உண்டாம். நான் இங்கே 'நொய்' என்று எழுதுகிறேன். உடைந்த அரிசிதான், ஆனாலும் மற்ற இரண்டுக்கும் அது தேவலை.

ரேணுகாம்பாள் அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். "நாலு பேரு பாக்க வாசல்ல நின்னுக்கினு, 'நோயி, உள்ள வா'ன்னு நான் கூப்பிடணுமா? குடும்பம் வெளங்கிடும். அருணானு வெச்சிக்கலாம். அண்ணாமலையார் பேரு."

நொய் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். எதற்கும் சிரித்துத் தலையாட்டுவது அவள் சுபாவம். அர்ஜுனன் மட்டும் பழைய பேரிலேயே கூப்பிட்டான். அவன் வாய்க்கு அந்த ஒலி வந்தது. போன வருஷம் அவனும் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் மத்தியான வேளையில் நொய் என் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். பாதி தமிழ், பாதி ஜாடை. ஒரு நாள் துணி வெட்டும் மேஜை மேல், நான் குறி போடும் சாக்கட்டியை எடுத்துத் தன் நாட்டை வரைந்தாள். மேலே பருத்து, கீழே வால் நீண்டு கிடந்தது. சுற்றிலும் சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர்.

"கடல் இல்ல அக்கா."

"எங்களுக்கு மட்டும் இருக்குதா? ஏரியைப் பாத்தே காலம் போயிடுச்சு" என்றேன்.

மேற்கே நீளமாக ஒரு கோடு போட்டாள். மேகாங் ஆறு. ஆற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லிலேயே அம்மா என்ற சொல் இருக்கிறதாம். மலையும் காடும்தான் ஜாஸ்தி. ஜனம் கம்மி. நாடு மொத்தத்தையும் கூட்டினால் சென்னையும் சுற்றுப்புறமும் கொண்ட கூட்டம்கூடத் தேறாது. பக்கத்திலேயே கொடியையும் வரைந்தாள். மேலும் கீழும் சிவப்பு, நடுவில் நீலம், நீலத்தில் ஒரு வெள்ளை வட்டம். "நிலா அக்கா. ஆத்து மேல நிலா" என்றாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெருவை அடைத்துக்கொண்டு வண்டி நிறுத்துகிறார்கள், நான் நிலாவைப் பார்த்தாலே பல்லைக் கடிப்பவள். அதை ஒரு தேசமே கொடியில் வைத்துக் கும்பிடுகிறது.

அங்கே ஒரே கட்சிதானாம். "அப்ப எலெக்‌ஷன்ல யாரைத் திட்டுவீங்க?" என்று கேட்டேன். என் கடைக்குள்ளேயே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தாள். இன்னொரு சமயம் அவள் அம்மா ஊரைப் பற்றிச் சொன்னாள். அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்க விமானங்கள் கொட்டிய குண்டுகளில் வெடிக்காதவை இன்னும் வயலுக்குள் கிடக்கின்றனவாம். மண்வெட்டி போடும்போதே பயந்து பயந்துதான் போடவேண்டுமாம். அன்றைக்கு என் மடியில் இருந்ததும் ஓர் அமெரிக்கனுடைய பைஜாமாதான். அவன் பேரில் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், நாடா கோத்துக் கொடுத்தேன்.

அவர்கள் தேசியப் பூவின் பேர் சம்பா. நமக்குச் சம்பா என்றால் நெல் என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் சோறு விஷயத்தில்தான் வந்த வாரமே காரியம் கெட்டிருந்தது. அங்கே ஒட்டுகிற அரிசியை வேகவைத்து மூங்கில் கூடையில் வைப்பார்கள். எல்லோரும் அதே கூடையில் கையால் பிய்த்து, உருட்டி, ஒரே கிண்ணத்தில் தொட்டுத் தின்பார்கள். அந்த நினைப்பில் அக்காவின் குழம்புக் கிண்ணத்தில் கையை விட்டுவிட்டாள். "ஐயோ, எச்சில்!" என்று அக்கா கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நொய்க்குத் தனித் தட்டு, தனிக் கிண்ணம். நமக்கு அது சுத்தம். அவளுக்கு அது ஒதுக்கி வைத்தது. "தனியா தின்னா வயிறு ரொம்பல அக்கா" என்றாள். கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சித்திரையில், இன்னும் இரண்டு வருஷம் மஸ்கட்டிலேயே இருக்கப் போவதாக அர்ஜுனன் போனில் சொன்னான். நொய் அழவில்லை. சாப்பாட்டைத்தான் விட்டுவிட்டாள். அக்கா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். மசூதி வாசலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

தனக்கு என்ன என்பதை நொய் என்னிடம்தான் சொன்னாள். "உள்ள நிறைய உயிர் இருக்கு அக்கா. க்வன். பயந்தா, ரொம்ப துக்கம்னா, ஓடிப் போயிடும். வெளிய சுத்தும். அப்புறம் வீட்டு ஆளுங்க உக்காந்து கூப்பிடணும். வா, வீட்டுக்கு வானு பேர் சொல்லிக் கூப்பிடணும். வந்ததும் கையில வெள்ளை நூல் கட்டணும்."

"நூல்தானே? எங்கிட்ட கண்டு கண்டா கெடக்குது. காட்டு கையை."

"நூல் அப்புறம். முதல்ல கூப்பிடணும். அருணானு கூப்பிட்டா வராது. அதுக்கு அருணா யாருனு தெரியாது."

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன்.

"ஒரே ஒரு தபா அவ பேரைச் சொல்லிக் கூப்பிடேன்க்கா. அந்தப் பொண்ணு அதைத்தான் கேக்குது. வாய் தேஞ்சா போயிடும்?"

"நல்லா இருக்குதே நியாயம்! எம் புள்ளை கண்காணாத ஊர்ல கெடக்கிறான். நான் இங்க நோயை வூட்டுக்குள்ள கூப்பிடணுமா? வேணும்னா உன் கடை வாசல்ல நின்னு நீ கூப்பிடு" என்றாள் அக்கா. ரெண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் சித்ரா பௌர்ணமி வந்தது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு அக்கா மருமகளைக் கிரிவலம் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கோபம் இருந்தாலும் நானும் கூடப் போனேன். வெயில் இறங்கிய நேரம், தார் ரோடு இன்னும் காலைச் சுட்டது. தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அன்னதானப் பந்தல் பக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளு. கூட்டம் விலகி நாங்கள் திரும்பிப் பார்த்தபோது நொய் இல்லை. அவள் போன் அக்காவின் பைக்குள் இருந்தது.

முன்னும் பின்னும் ஓடித் தேடினோம். பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் போலீஸ் உதவி மையத்துக்குப் போனோம். மைக் வைத்திருந்த போலீஸ்காரர் நல்ல மாதிரி. "அருணா, அருணா, எங்கிருந்தாலும் உதவி மையத்துக்கு வரவும்" என்று பலமுறை அறிவித்தார். வரத்தான் வந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஓர் அருணா வந்து, "என்னை யாரு கூப்பிட்டது?" என்று சண்டைக்கு நின்றாள். பல் போன ஓர் அருணாவைப் பேரன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தான். எங்கள் அருணா வரவில்லை.

அக்கா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு வழிகூடத் தெரியாதே எழிலு. ஒண்ணும் துன்னாமகூட வந்தாளே. எங்கனா மயக்கம் போட்டு வுழுந்திருந்தா?" என்று என்னைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"அவ பேரைச் சொல்லச் சொல்லுக்கா" என்றேன்.

பேரைக் கேட்டதும் போலீஸ்காரர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா நீங்க, இத்தினி ஜனம் நடக்கிற எடத்துல நோய் நோய்னு மைக்ல சொன்னா, கொரோனா வந்துடுச்சுனு ஓட மாட்டாங்க? நெரிசல் ஆச்சுனா யாரு பதில் சொல்றது?"

அக்கா எழுந்தாள். மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நோயி! நோயி, எங்கம்மா கீற? அத்தை கூப்பிடறேன், வா. வூட்டுக்கு வா, நோயி!"

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அது மலையைச் சுற்றிக்கொண்டு போனது. நடந்துகொண்டிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். ஒருத்தர் சட்டென்று துண்டால் மூக்கைப் பொத்தினார். "சாமி எடத்துல நின்னுக்கினு நோயைக் கூப்பிடுது பாரு இந்தம்மா" என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போலீஸ்காரர் மைக்குக்குக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கூப்பிடக் கூப்பிட அழுகையில் அவள் வாய் கோணியது. அப்போது வந்த ஒலி நோயும் இல்லை, நாயும் இல்லை. நடுவில் இருக்கும் அந்த ஒன்றேதான்.

நான் எதேச்சையாகத் திரும்பினேன். இளநீர் வண்டிக்குப் பின்னால் நொய் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். அக்காவைக் கூப்பிட வாயெடுத்தேன். நொய் வேண்டாம் என்று அவசரமாகத் தலையை அசைத்தாள். அப்புறம் விரலைத் தூக்கிக் காட்டினாள், இன்னும் கொஞ்சம் என்று.

நான் வாயை மூடிக்கொண்டேன். அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்கை வாய்க்கிட்டே கொண்டுபோனாள்.