கோட்டைத் தாண்டினால் திரும்பக் கூடாது

நம்மவர்களை மனதில் வைத்தே யாரோ ஓர் அமெரிக்கர் சட்டம் போட்டிருக்கிறார் - காலேஜ் பேஸ்பாலில்!

இரண்டு வாரத்துக்கு முன் காப்பெல்லில் ஒரு மேட்ச். டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. கூப்பிட்டவர் நண்பர் சுந்தரம். ஈரோட்டுக்காரர். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஒய்டூகே வேலை. சனிக்கிழமையானால் கோடைக்கால காலேஜ் டீம் ஒன்றுக்கு உதவி கோச். "கிரிக்கெட் ஆடின கைங்க, இதென்ன பிரமாதம்?" என்பார். அன்றைக்கு ஹெட் கோச் லீவு. டீமே இவர் கையில். பந்து வீசியது இவர் மகன் அருண்.

அருணைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய காலேஜின் கோச் வந்து உட்கார்ந்திருந்தார். கடைசி இன்னிங்ஸ். இன்னும் ஒரே ஒருவரை அவுட் ஆக்கினால் வெற்றி. அந்தப் பெரிய காலேஜ் டீமில் அருணுக்கு இடமும் கிட்டத்தட்ட நிச்சயம்.

சுந்தரம் சும்மா இருப்பாரா? பந்து வீசும் மண்மேட்டுக்குப் போய், மகன் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். தப்பில்லை, கோச் போய்ப் பேசலாம். திரும்பி வந்து மைதான ஓரத்து வெள்ளைக் கோட்டையும் தாண்டிவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது என்கிறது சட்டம். அதே இன்னிங்ஸில் அதே பையனிடம் இன்னொரு தடவை போனால், அவனை மாற்றியே ஆக வேண்டும்.

நம் வீடுகளில் விருந்தாளி செருப்பு மாட்டிய பிறகுதானே முக்கியமான விஷயமே ஆரம்பிக்கும்? காரை ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியை இறக்கி, இன்னும் அரை மணி நேரம்...

சுந்தரம் நின்றார். திரும்பினார். குடுகுடுவென்று ஓடினார்.

"டேய், சொல்ல மறந்துட்டேன்... ஆன்ட்டி வந்திருக்காங்க பாரு. ஒரு ஹாய் சொல்லிரு!"

அந்த ஆன்ட்டி... நான்தான்.

அம்பயர் இரண்டு விரலைக் காட்டினார். "ஒன்லி ஒன் வேர்ட், சார்!" என்று சுந்தரம் கெஞ்சினார். அவர் என்ன நம் ஊர் கண்டக்டரா, கெஞ்சினால் பஸ்ஸை நிறுத்த? அருண் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினான். அடுத்து வீச வந்த பையனின் முதல் பந்தே அடி வாங்கி வேலிக்கு வெளியே போய் விழுந்தது. மேட்ச் காலி.

அருண் எனக்கு ஹாய் சொல்லவில்லை. எனக்கும் அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. விடைபெறத் தெரியாதவர்கள் நாம். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு! எதிரில் நிற்பவருக்கு அதனால் என்ன நஷ்டம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா?

நல்லவேளை, அந்தப் பெரிய காலேஜ் கோச் மனம் இரங்கி, போன சனிக்கிழமை மறுபடி வந்தார். ஹெட் கோச்சோ இன்னும் லீவில். அருணுக்கு மறுபடி இக்கட்டு. மறுபடி சுந்தரம் மேட்டுக்குப் போனார். ஏதோ சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், "சரிடா... போயிட்டு வரேன்" என்றார்.

எப்போதும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் அருண், தமிழில் அலறியது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"வராதீங்கப்பா! போறேன்னு சொல்லுங்க!"