நெஞ்சு பலவீனமான ஜனங்கள்

பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்த எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் வெள்ளைக் கல்லை அரைத்து மாவாக்கும் ஓர் ஆலையில் நான் வேலை பார்த்தேன். அரைவைக் கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குப்பத்து மீனவர்கள். மேஸ்திரியும் அந்தக் குப்பம்தான். சொந்தபந்தம் தவிர வேறு ஆளை உள்ளே விடமாட்டார். மற்ற ஜாதிக்காரர்கள் நாங்கள் வெளியே லாரியில் மூட்டை ஏற்றுவோம்.

கொட்டகை ஆட்கள் ஓயாமல் இருமுவார்கள். ஒருநாள் ஆராய்ச்சிக்கென்று டாக்டர்கள் வந்தார்கள். மார்பைப் படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். வயது, பீடிப் பழக்கம், ஜாதி எல்லாம் கேட்டார்கள். ஆலைக்குள் எந்த இடத்தில் வேலை என்று மட்டும் கேட்கவில்லை.

எனக்கு முன்னால் நின்றவன் என் தோஸ்து, கொட்டகைக்காரன்.

"ஜாதி இன்னாத்துக்கு டாக்டரே? பொண்ணு குடுக்கப் போறியா?" என்றான்.

வரிசையே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். "எந்த ஜனத்துக்கு எந்த நோய் வருதுன்னு பாக்கணும்ப்பா."

சில மாதம் கழித்து முடிவு வந்தது. மீனவ ஜனங்களுக்குப் பிறப்பிலேயே நெஞ்சு பலவீனமாம். குப்பத்து ஆட்களை மொத்தமாக நிறுத்திவிட்டு, எங்களைக் கொட்டகைக்குள் அனுப்பினார்கள். கொட்டகைக்குள் பறந்த கல் புழுதி அப்படியேதான் இருந்தது.

கணக்கு முடித்துக்கொண்டு போகும்போது தோஸ்து சொன்னான்: "உங்க ஆளுங்களுக்கு நெஞ்சு இரும்பாமே மாமு! நல்லா இஸ்து மூச்சு வுடு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் அவனை மடக்கிப் போட்டது.

கடலுக்குத் திரும்பினான். வலை இழுக்க மூச்சு இல்லை. சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தான்.

சாவுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கடல்ல மூச்சடக்கினு முழுகுற ஜனம் நாங்கண்ணா. எங்களுக்கா நெஞ்சுல வலு இல்ல? இப்ப நீதான அந்தக் கொட்டாய்ல கீற, நீ சொல்லு. அவர வாரிக்கினு போனது எங்க ஜாதியா, அந்தப் புழுதியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. அடங்கவே இல்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உங்களுக்குச் சோறு போட வேண்டும். அந்த வேலையை விட முடியவில்லை. மனிதனை என்ன ஜாதி என்று கேட்பவர்கள், அவன் எதைச் சுவாசிக்கிறான் என்றும் கேட்கட்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அந்தச் சாவுக்குப் போய்வந்த மறுநாள், வேலை முடிந்ததும் நான் நேரே வீட்டுக்குள் வரவில்லை. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்வீர்களே என்று, தெருமுனைக் குழாயடியில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சட்டையைக் கழற்றி, தண்ணீர் வெள்ளையாக ஓடுவது நிற்கும்வரை அலசினேன்.