முள் இறங்கினால் நிறுத்து

டாக்சி ஓட்டும் பிள்ளைகள் டேஷ்போர்டில் பெட்ரோல் முள்ளைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் டெம்பரேச்சர் முள் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வருடம். கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் அம்பாசிடர் ஓட்டினேன். வெள்ளிமலையில் வேலை பார்த்த வாத்தியார் ஒருவருக்குக் கச்சிராயபாளையத்தில் கல்யாணம். மலையிலிருந்து மாப்பிள்ளையை இறக்கி வர வேண்டும். முன் சீட்டில் அவருடைய தாய்மாமன்.

"முகூர்த்தம் தப்புனா பொண்ணு இல்லன்னுட்டாரு பொண்ணோட அப்பன். எங்கயும் நிறுத்தாத" என்றார் மாமன்.

அடிவாரம் வரும்போது கல் தெறித்து அடியில் பட்டது. கொஞ்சத்தில் முள் நடுவை விட்டுச் சூட்டைக் காட்டும் H பக்கம் ஏறியது.

"இன்னாப்பா அது?"

"இன்ஜின் சூடு. ஓரம் கட்டணும்."

மாமன் மடியிலிருந்து திருநீறு எடுத்தார். மீட்டர் கண்ணாடியில் பட்டை போட்டார். "முருகா, இந்த முள்ள எறக்கு. மாப்பிள்ளைக்கு மொட்ட போடறேன்."

"மாமா, உங்க தலய வேண்டிக்கோங்க!" என்றார் மாப்பிள்ளை.

முள் சட்டென்று குளிர்ச்சியைக் காட்டும் C-க்கு விழுந்தது.

"பாத்தியா! ஓட்டு."

நான் நிறுத்தினேன். பானட்டைத் திறந்தால் தண்ணீர் போகும் கீழ் ரப்பர் ஹோஸ் கிழிந்து, ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை. சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் முள் சரியாகச் சொல்லும். தண்ணீர் போனால் முள்ளும் படுத்துவிடும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.

ஸ்டார்ட் பண்ண மாட்டேன் என்றேன். தள்ளினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் தள்ளினார்.

நான் மலைக்குப் போன பிறகு, ஊர் எல்லையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு மறியல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்த வண்டியும் ஓடக்கூடாது."

"இது எங்கய்யா ஓடுது? நாங்கதான ஓடிக்கினு வர்றோம்!" என்றார் மாமன்.

அவர்களுடைய தலைவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தள்ளுற வண்டியப் பத்தி மேலேர்ந்து ஒண்ணும் சொல்லல. வாங்கடா, கை குடுங்க."

பக்கத்துக் கரம்பு நிலத்தில் இறக்கி, மரத்தைச் சுற்றி, கோஷம் போட்டுக்கொண்டே தள்ளினார்கள். பெண் வீட்டார் கலவரம் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நான்தாங்க மாப்பிள்ள! தொறங்க!" என்று கத்தினார் வாத்தியார்.

திறந்தார்கள். முகூர்த்தம் முடிய இருந்த நேரத்தில் தாலி கட்டினார். மறியல்காரர்கள் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மரத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

பந்தி முடிந்ததும் மாமன் மொட்டைப் பேச்சை எடுத்தார். மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "சொல்லுங்க டிரைவர், தண்ணி இல்லாமதான முள்ளு எறங்குச்சு?"

"ஆமாங்க."

"தண்ணி போனது போவட்டும். நான் தண்ணியவா வேண்டிக்கினேன்? முள்ளத்தான வேண்டிக்கினேன்? எறங்குச்சா இல்லியா?" என்றார் மாமன்.

  மறுவாரம் வாத்தியார் மொட்டைத் தலையோடு என் வண்டியில்தான் மலை ஏறினார். புது ஹோஸ். முள் நடுவிலேயே நின்றது. அதுதான் அதன் இடம். ஏறினால் நிறுத்துங்கள். ஏறி, தானாக விழுந்தால் உடனே நிறுத்துங்கள். அதற்கு மேலும் வேண்டுதல் இருந்தால் தண்ணீருக்கு வேண்டிக்கொள்ளுங்கள்.