ராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டுப் போன தீவு

தெருவில் எல்லாரிடமும் ராமேஸ்வரம் போவதாகத்தான் சொல்லியிருந்தோம். சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டில் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, கல்யாணங்களில் முன்வரிசை கிடையாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் விமானம் ஏறி மலேசியாவில் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போகிறார்கள் என்று தெரிந்தால் காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையமே எங்களை வாயில் போட்டு மென்றுவிடும். ராமேஸ்வரமும் தீவுதானே, பாதிப் பொய்தான் என்று என் கணவர் சமாதானம் சொன்னார். என் நாத்தனார் தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் கேனையே கொடுத்தனுப்பினாள். அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுக் கிளம்பினோம்.

டிக்கெட் போட்டது எங்கள் மகள். ஒரே பெண். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனி ஆபீசில் வேலை. திருப்பதியைத் தாண்டி எங்கேயும் போகாத அப்பா அம்மாவைக் கடல் தாண்டிக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். கடற்கரையில் துண்டை விரித்துப் படுக்க நாம் என்ன வெள்ளைக்காரர்களா என்று கேட்டு, அரை நாளைக்கு ஒரு ஜீப்பையும் அவளே பேசிவைத்தாள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, காடு மேடெல்லாம் ஏறும், கூட வேறு யாரும் வரமாட்டார்கள், நாம் மூன்று பேர் மட்டும் என்று படம் காட்டிப் படம் காட்டி என் உயிரை எடுத்தாள். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரம் தாங்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சாவென்றால் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்காக எல்லாத் தறியும் நின்றது. வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் திடீரென்று தலையைத் தூக்கி, "என்ன, எல்லாரும் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிற மனுஷன், தானும் ஒரு நெசவாளி. அவர் மறுபடி கேட்காமல் அடுத்த நாற்காலியை எடுக்கப் போனார்.

அவர் அழவே இல்லை. வந்தவர்களுக்கு டீ போயிற்றா, பந்தல் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாள் தறியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவளுடைய போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். விஷயம் தெரியாதவர்கள் யாராவது கூப்பிட்டால், "வெளிய போயிருக்குது, வந்தா சொல்றேன்" என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது கையிலிருந்த டம்ளரை அவர் மேலேயே வீசினேன். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. ஆனால் இவரை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பெண்ணைப் பறிகொடுத்தாயிற்று, இவரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயம். அவள் இல்லை என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார் என்று நம்பினேன். தெரிந்த முகமே இல்லாத இடத்துக்குப் போனால் சொல்லுவாரோ, அழுவாரோ என்றுதான் இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டேன்.

விமானத்தில் அவளுடைய சீட்டை ரத்து செய்துவிட்டோம். ஜீப்பை யாரும் நினைக்கவில்லை.

காலையில் ஓட்டல் வாசலுக்கு வண்டி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் தொப்பி, காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். எங்கள் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே, பசியாறிவிட்டோமா என்று விசாரித்தாள். கெடா மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவளாம். தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். காஞ்சிபுரம் என்றதும், தன் கல்யாணப் புடவை காஞ்சிபுரம் என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான், நிஜமா என்று அம்மனுக்குத்தான் தெரியும் என்று சிரித்தாள். பிறகு எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மூணு பேருன்னு போட்டிருக்கே. மக எங்க, அக்கா?"

என் கணவர் நிதானமாகச் சொன்னார்.

"அதுக்குத் தலைவலி மா. ரூம்ல படுத்துக்கினு இருக்குது."

அவர் கையில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளோ அய்யோ பாவம் என்று சொல்லி, வண்டிக்குள்ளிருந்து ஒரு சின்னத் தைல பாட்டிலை எடுத்து, திரும்பிப் போனதும் மகளுக்கு நெற்றியில் தேய்த்துவிடுங்கள் என்று அவர் கையில் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

முதலில் வயல். எங்கள் வாலாஜாபாத் பக்கத்து வயல்தான், நடுவில் எருமைகள் நின்றன. இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம் என்று மனசுக்குள் திட்டினேன். மகள் பக்கத்தில் இருந்திருந்தால் வாய்விட்டே சொல்லியிருப்பேன், அவளும் என்னோடு சண்டைக்கு வந்திருப்பாள். அப்புறம் ரப்பர் தோட்டம். அந்தப் பெண் இறங்கி, மரத்தில் எப்படிக் கீறுவார்கள் என்று காட்டினாள். வழிந்து உறைந்த பாலை என் கணவர் விரலால் இழுத்துப் பார்த்தார். இழை அறாமல் நீளமாக வந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். இத்தனை மாதத்தில் அதை நான் பார்க்கவில்லை.

வண்டி மண்பாதையில் இறங்கி ஒரு ஓடையைக் கடந்தது. குலுக்கிய குலுக்கில் என் குடல் வாய்க்கு வந்தது. ஓட்டியபடியே அவள் எங்கள் மகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். என்ன படித்தாள், என்ன வேலை, மீன் சாப்பிடுவாளா, கோபக்காரியா? சும்மா பேச்சுக்குக் கேட்பதுதான். வண்டியில் வருகிறவர்களிடம் தினமும் கேட்பாளாக இருக்கும். ஆனால் ஊரில் மகளைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாங்கள் வருவதைப் பார்த்தால் பேச்சை மாற்றுவார்கள். அவளோடு படித்த பெண்கள்கூட என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து எல்லாருமாகச் சேர்ந்து அவளை ஊரிலிருந்து துடைத்துவிட்டார்கள்.

என் கணவர் பேச ஆரம்பித்தார். பட்டு நெய்கிற வீட்டில் பிறந்துவிட்டு அவளுக்கு அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். தெரியாது என்று அவரை வெறுப்பேற்றவே சொல்லுவாள் என்றார். கோயில் இட்லி கொடுத்தால் உட்கார்ந்து மிளகைப் பொறுக்கி ஓரம் வைப்பாள், அந்த மிளகையெல்லாம் தின்பது அப்பன் வேலை என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. கம்பெனி பஸ்ஸுக்கு அஞ்சரை மணிக்கே எழுந்துவிடுவாள் என்றபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்க எழுந்தா? நான்தானே போர்வையைப் பிடுங்கணும்" என்றேன்.

சொன்னபிறகுதான் நானும் உள்ளே இறங்கிவிட்டேன் என்று புரிந்தது. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. வரன் பார்க்கிறீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆரணியில் ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் பாங்க்கில் இருக்கிறான், சித்திரையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னேன். ஆரணி இடம் நிஜமாகவே வந்ததுதான். ஐப்பசிக்கு முன்னால். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு என்ன கலர் புடவை என்று அந்தப் பெண் கேட்டதற்கு அவரே, அரக்கு என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நீயெல்லாம் பெற்றவளா என்று என்னைக் கேட்பீர்கள். என் பெண் ஓட்டல் அறையில் ஏசியைக் கூட்டிவைத்துக்கொண்டு சோம்பேறியாகப் படுத்திருந்தாள். நான் அதை நம்பினேன்.

மலைமேல் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தினாள். கீழே காடு, அதற்கப்பால் கடல், கடலுக்குள் சின்னச் சின்னத் தீவுகள். நான் அவ்வளவு அழகைப் பார்த்ததில்லை, அது எனக்கு வேண்டியும் இருக்கவில்லை. மகளுக்கு ஒரு வீடியோ அனுப்பலாம், பேசுங்கள் அண்ணே என்று அந்தப் பெண் தன் போனைத் தூக்கிப் பிடித்தாள். என் கணவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"பாரு மா, எப்படி இருக்குது பாரு. நீ சொன்னியே, அந்த எடம்தான். உங்கம்மா திட்டிக்கினேதான் வருது. நீ வந்திருக்கலாம் இல்ல."

நான் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். நடுவில் இருந்த சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பெண் நம்பர் கேட்டாள். அவர் மகளுடைய நம்பரைத் தடங்கலில்லாமல் சொன்னார். வண்டியிலேயே வைஃபை இருந்தது, காலையில் ஏறியதுமே அவளுடைய போனை அவர் அதில் இணைத்துவைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வீடியோ வந்துசேர்ந்து, அவர் சட்டைப்பையில் அவளுடைய போன் ஒரு தடவை மணி அடித்தது.

அந்தப் பெண் பையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தலைவலின்னு என்கிட்ட குடுத்துட்டுது மா" என்றார் அவர்.

திரும்பும் வழியில் அந்தப் பெண் இருவாச்சிப் பறவை ஒன்றைக் காட்டினாள், பார்த்தோம். ஓட்டல் வந்ததும் நாங்கள் நன்றி சொல்லிப் பிரிந்திருக்கலாம். ஆனால் அவள் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். இவ்வளவு தூரம் பேசிவிட்டோம், பிள்ளையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேனே என்றாள். கூட்டிக்கினு வரேன் என்று சொல்லி என் கணவர் லிஃப்டில் ஏறிப் போனார்.

கதவு மூடியது. அவர் அந்தக் காலி அறையில் போய் என்ன செய்வார் என்று நினைத்துப்பார்த்தேன். போதும் என்று தோன்றியது.

"அவ இல்லம்மா. ஐப்பசியில போயிட்டா."

நானும் அதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஊரே எனக்காகச் சொல்லிவிட்டிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றிவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். அண்ணனுக்கு என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அவருக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் மாட்டேன் என்கிறார் என்றேன்.

லிஃப்ட் திறந்தது. அவர் முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"குளிச்சிக்கினு இருக்குது மா. இப்ப வந்துடும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "பரவால்லண்ணே, நான் இருக்கேன்" என்று சொல்லிச் சோபாவில் உட்கார்ந்தாள்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்திருப்பார். எதிரில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். லிஃப்ட் மேலே போயிற்று, கீழே வந்தது. ஒரு சீனக் குடும்பம் இறங்கிப் போயிற்று. நீச்சல் உடையில் இரண்டு குழந்தைகள் ஓடிவந்தன. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் மூன்று பேரும் பார்த்தோம். உண்மை தெரிந்த அவளும் பார்த்தாள், தெரிந்த நானும் பார்த்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த தடவை கதவு திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. காலியாகத் திறந்து, காலியாக மூடிக்கொண்டது. என் கணவர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், அவளைக் காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நீ கெளம்பு மா. அது வராது. இனிமே வராது."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அத்தனை மாதமாகக் காத்திருந்தேன், இதற்காகத்தான் ஊரை ஏமாற்றிவிட்டு அவ்வளவு தூரம் போனேன். கேட்டதும் அவர் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் குளிக்கட்டுமே, என்ன அவசரம் என்று அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் முதுகில் கையை வைத்தபடி, அவரைப் பார்க்காமல், நான் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.