பல்லவிக்கு முன்னால் வரும் குரல்

மழைப் பாட்டு என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். படத்தின் பெயரை மறந்தவர்கள்கூடப் பாட்டை மறக்கவில்லை. கேசட்டில் வந்தது, பிறகு சிடியில் வந்தது. ஒரு காலத்தில் செங்கல்பட்டு பஸ்ஸில் பாதிப் பேருடைய செல்போன் அந்தப் பாட்டைப் பாடித்தான் கூப்பிட்டது. இப்போது யாரோ அதற்கு டிரம்ஸ் சேர்த்து வேகப்படுத்திவிட்டார்கள். மாமல்லபுரம் கடற்கரையில் கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஆடி ரீல்ஸ் எடுக்கிறார்கள். எப்படி உருமாற்றினாலும் பல்லவிக்கு முன்னால் வரும் ஹம்மிங்கை மட்டும் யாரும் தொடுவதில்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண்குரல் மெல்லக் கிளம்பும். மேலே போய், இறங்க மனமில்லாததுபோல் அங்கேயே சற்று நின்று, பிறகு இறங்கும்.

அது என் அத்தையின் குரல்.

கேசட் அட்டையில் அத்தையின் பெயர் கிடையாது. கோரஸ் பெண்களுக்குப் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை. அப்பாவின் குடும்பம் அந்த நாளில் கோடம்பாக்கத்தில் குடியிருந்தது. அத்தை கல்லூரிக்குப் போன நேரம் போக, ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். மழைப் பாட்டின் ஹம்மிங்கை அதன் பாடகிதான் பாடுவதாக இருந்தது. இசையமைப்பாளருக்கு என்னவோ திருப்தியில்லை. கூட்டமாகப் பாடவைத்துப் பார்க்கலாம் என்று கோரஸ் பெண்களை மைக் முன்னால் நிறுத்தினார். பாடப்பாட, ஒவ்வொருத்தியாகக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டே வந்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவள். மற்றவர்கள் நிறுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. முடித்துக் கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தான் தனியாகப் பாடியதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுதான் படத்தில் வந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாமாவுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். பரம்பரையாக விவசாயம். மாமா தலையெடுத்த பிறகு வேன்கள் வாங்கிக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அத்தை பாடவே இல்லை. மாமாதான் வேண்டாம் என்று தடுத்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் விசாரணையே தேவைப்படாத உண்மை. "கிளிய வளர்த்துப் பூனை கையில குடுத்தோம்" என்று அம்மா பெருமூச்சு விடுவாள். அப்பா அதை மறுத்ததில்லை. பூனை மாதம் ஒருமுறை சூடான பக்கோடாப் பொட்டலத்தோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வரும். கொள்கையளவில் மாமாவை வெறுத்துக்கொண்டே நான் பக்கோடாவைத் தின்றேன்.

அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நாங்கள் கடலோரத்து நகரியத்தில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பில் மழைப் பாட்டை யாரோ முணுமுணுத்தபோது, அது எங்கள் அத்தை பாடியது என்று சொன்னேன். அடுத்த நாளே ஒருத்தி வீட்டிலிருந்து கேசட்டைக் கொண்டுவந்து அட்டையைக் காட்டினாள். "இதுல உங்க அத்தை பேரு எங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என் பெயர் புளுகுணி. பட்டப்பெயருக்கு விளக்கம் சொல்லிப் பயனில்லை என்பதை அந்த வயதில் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் பாடகியே தலைமை விருந்தினராக வருவதாகப் பலகையில் எழுதிப் போட்டார்கள். எனக்கு அது தெய்வச் செயலாகத் தோன்றியது. உடனே அத்தைக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? வூட்ல வேலை இருக்கு" என்றாள் அத்தை. ஆனால் விழா அன்று மாலை மாமாவின் வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. அத்தை சாதாரணப் புடவையில் இறங்கி, அரங்கத்தில் கடைசிக்கு முந்திய வரிசையில் தூண் மறைவாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மாமா, வேட்டியை மடித்துக் கட்டாமல் தழையத் தழைய விட்டிருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பாடகிக்கு அப்போது நரை விழுந்திருந்தது. பேசி முடித்ததும் எல்லோரும் மழைப் பாட்டு, மழைப் பாட்டு என்று கத்தினார்கள். அவர் சிரித்துக்கொண்டே மைக்கை எடுத்தார். ஹம்மிங் வரவேண்டிய இடத்தில் கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். கீபோர்டுதான் அதை வாசித்தது. பாடகி பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மாணவர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கேட்கவேண்டிய பிள்ளைகளை முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அதில் நான் இல்லை. இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"நீங்க ஏன் மேடம் ஹம்மிங் பாடல?"

வகுப்பாசிரியை என் பக்கம் வேகமாக வந்தார். பாடகி அவரைக் கையமர்த்தினார்.

"அது என்னோடது இல்லம்மா. எந்த மேடையிலயும் நான் அதைப் பாடறதில்லை."

"அது எங்க அத்தை பாடினது."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. என் வகுப்பு வரிசையில் அது சற்று அதிகமாகவே எழுந்தது. பாடகி சிரிக்கவில்லை. அத்தையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் மேடையின் விளிம்புவரை வந்துவிட்டார்.

"எங்க இருக்காங்க அவங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் அத்தை தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று எனக்குக் கையைக் காட்டினாள். அப்போதுதான் மாமா எழுந்தார். வேன் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் குரல் அவருக்கு.

"கீறாங்கம்மா! இங்கதான் கீறாங்க!"

அதற்குமேல் அத்தையால் உட்கார முடியவில்லை. மேடைக்குப் போகும்வரை மாமா பின்னாலேயே போனார், கூட்டத்தில் யாரோ இடித்துவிடப்போகிறார்கள் என்பதுபோல. பாடகி அத்தையின் கையில் மைக்கைக் கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

முதலில் காற்றுதான் வந்தது. பாடகி நகர்ந்து வந்து அத்தையின் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டார். பிறகு குரல் வந்தது. கேசட்டில் இருந்ததைவிடக் கனமான குரல், ஓரத்தில் லேசான கரகரப்போடு. ஆனால் அதே குரல். மேலே போய் நின்றது. அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அது இறங்கி முடிந்த இடத்தில் பாடகி பல்லவியை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் அத்தையை இன்னும் பாடச் சொல்லிக் கத்தினார்கள். கேசட் கொண்டுவந்து காட்டியவள்தான் அதிகம் கத்தினாள். அத்தை மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"என் பாட்டு அவ்ளோதாங்க" என்றாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் பாடகிக்குக் காபி வைத்திருந்தார்கள். அத்தையையும் அங்கே உட்காரவைத்தார்கள். நானும் போய் ஒட்டிக்கொண்டேன். மாமா, மேடையேறும்போது அத்தை கழற்றிவிட்ட செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்பக்கம் நின்றிருந்தார்.

"மியூசிக் டைரக்டர் உனக்குன்னு தனியா ஒரு பாட்டே போட்டு வெச்சிருந்தாரே. நாள் குறிச்சு, எல்லாரும் வந்து காத்துக்கிட்டிருந்தோம். ஏன் வரலை?" என்று பாடகி கேட்டார்.

அத்தை காபி டம்ளரைப் பார்த்தாள். "கல்யாணம் ஆயிடுச்சுங்க. வூட்ல..."

"நாந்தாங்க வேணாம்னேன்" என்றார் மாமா, வாசலிலிருந்து.

பாடகி அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையிலிருந்த செருப்பையும் பார்த்தார். "எவ்வளவு பெரிய குரலை மூடிவெச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் காபி கொண்டுவந்த ஆசிரியை தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மாமா தலையை ஆட்டினார். "தப்புத்தாங்க. அப்போ புத்தி இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் குடும்பமே சொல்லத் தயங்கியதை இவ்வளவு பெரிய மனுஷி முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

அது வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் லீவுக்கு நான் அவர்களோடு கிளம்பினேன். நன்றாக இருட்டியிருந்தது. வேன் கடற்கரைச் சாலையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போகும் ரோட்டில் திரும்பியது. அத்தையும் மாமாவும் முன்னால். நான் பின்சீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து, திங்கட்கிழமை வகுப்பில் யார் யாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்ககிட்டயாச்சும் நெசத்த சொல்லியிருக்கலாம்" என்றாள் அத்தை.

"இன்னா நெசம்?"

"ஸ்டுடியோ கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தது நானு. தனியா நின்னு பாடணும்னதும் கை காலெல்லாம் ஒதறி ஓடியாந்தது நானு. அப்போ உங்களைக் கட்டிக்கக்கூட இல்லை. திட்டு மட்டும் உங்களுக்கா?"

மாமா கியர் மாற்றினார். "திட்டு இன்னா ஒடம்புலயா ஒட்டிக்கினு கீது? வுடு. பயந்துட்டான்னு நாலு பேரு உன்ன பேசறதுக்கு, புருசன் தடுத்துட்டான்னு என்னப் பேசட்டும். அன்னிக்கே சொல்லிட்டேன் இல்ல, எம்மேல போட்டுக்கன்னு?"

"இன்னிக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"பாடுனியே!"

அத்தை சிரித்தாளா அழுதாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. மாமா சீட்டில் முன்னும் பின்னும் அசைந்து ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே வந்த லாரிக்குக் காரணமில்லாமல் ஹாரன் அடித்தார். டீக்கடை ஒன்றில் நிறுத்தி, கடைக்காரரிடம், "எங்க வூட்டுக்காரம்மா இன்னிக்கு மேடையில பாடிச்சு, தெரியுமா அண்ணாத்த?" என்றார்.

அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லாக என் காதில் விழுந்தது. இன்று வரைக்கும் திருப்பிச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த வயதில் எனக்கு அதிலிருந்து பொருளாக நின்றது ஒன்றுதான். ஞாயிறு மாலை வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாவிடம் ஓடிப்போய், மாமாதான் தடுத்தாராம், பாடகி முன்னால் அவரே ஒத்துக்கொண்டார் என்று சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. அப்பா தலையசைத்தார். வழக்கு அத்துடன் முடிந்தது.

செய்யாத குற்றத்தை ஒருவர் எதற்காக அத்தனை நிம்மதியாகச் சுமக்கிறார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. பாடகி முன்னால் அவமானப்பட்டுத் திரும்பும் மனிதர் ஏன் வழியெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார் என்பது மட்டும் கொஞ்சம் விநோதமாகப் பட்டது. மாமாவுக்கு எப்போதுமே விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன்.